அடியில் ஒரு பெயர், வாயில் வேறு குண்டு

பித்தளைத் தோட்டாக் கூடு ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினால் அடிப்பாகத்தில் சிறிய எழுத்துகள் பொறித்திருப்பது தெரியும். செய்த ஆலையின் பெயர், தோட்டாவின் பெயர், சிலவற்றில் ஆண்டு. ஆலையிலிருந்து வந்த தோட்டா என்றால் அந்த எழுத்துகளைத் துப்பாக்கிக் குழலில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நம்பிப் போடலாம். இங்கே நான் விளக்கப்போவது அப்படி நம்ப முடியாத தோட்டாக்களை. அடியில் ‘223 ரெமிங்டன்’ என்று இருக்கும். ஆனால் அதை 223 துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் துப்பாக்கி சிதறும். யாரோ ஒருவர் சுட்டு முடித்த கூட்டைப் பொறுக்கி, வெட்டி, நெருக்கி, வேறொரு தோட்டாவாக மாற்றியிருக்கிறார். பழைய பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள், எப்படி ஒரு தோட்டாவின் கூடு இன்னொன்றாகிறது, சுடும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் துப்பாக்கி நுட்பம் அறியாதவருக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன். வெடிமருந்து அளவுகளை இங்கே தரவில்லை. அவை மருந்து ஆலைகள் அச்சிடும் அட்டவணையிலிருந்துதான் வர வேண்டும்; கட்டுரைகளிலிருந்தோ நண்பர் சொல்லியோ வரக் கூடாது.

முதலில் தோட்டா என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். நான்கு உறுப்புகள். முன்னால் பறந்து போகிற குண்டு. அதைத் தள்ளுகிற மருந்து. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சிறு மூடி, அடியின் நடுவில் அமர்ந்திருக்கும். இவை மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் பித்தளைக் கூடு. சுட்டதும் முதல் மூன்றும் தீர்ந்துவிடுகின்றன. கூடு மட்டும் வெளியே துள்ளி விழுகிறது. செய்வதற்கு அதிக வேலை பிடிக்கும் உறுப்பும் அந்தக் கூடுதான். அதனால் அதைத் துடைத்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மீண்டும் பயன்படுத்துவதை மறுநிரப்பல் என்கிறார்கள்.

கூட்டை வெறும் டப்பா என்று நினைத்தால் இந்தக் கலையின் மையமே நழுவிவிடும். சுடும் நொடியில் கூடு ஓர் அடைப்பான். மருந்து எரிந்து வாயு பெருகும்போது மெல்லிய பித்தளைச் சுவர் விரிந்து துப்பாக்கியின் தோட்டா அறையை எல்லாப் பக்கமும் இறுகத் தொடுகிறது. வாயு பின்னால் கசிய வழியில்லை; குண்டு முன்னால் போகிறது. அழுத்தம் குறைந்ததும் பித்தளை சற்றே சுருங்கி அறையைவிட்டு விலகுகிறது. கூடு எளிதாக வெளியே வருகிறது. விரிந்து சுருங்கும் இந்த இயல்புக்காகவே ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோட்டாவுக்கு ஏற்ற உலோகமாக நிலைத்திருக்கிறது.

நாம் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்போகும் 300 பிளாக்அவுட் என்ற தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது 32 பவுண்டு அளவு. ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தை முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் தாங்கி நிற்பது காகிதம் போன்ற அந்தச் சுவரும் அதைச் சூழ்ந்த எஃகும். கூடு அறைக்குப் பொருந்தினால்தான் எஃகின் துணை அதற்குக் கிடைக்கும். கூட்டின் ஒவ்வோர் அளவையும் இவ்வளவு பிடிவாதமாகப் பார்ப்பது அதனால்தான்.

இனி மாற்றுத் தோட்டாக்களின் கதை. தோட்டாவைப் புதிதாக வடிவமைக்க விரும்புகிறவர் கூட்டையும் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் ஓர் ஆலையே வேண்டும். ஆனால் ஏற்கெனவே கோடிக்கணக்கில் கிடைக்கும் ஒரு கூட்டின் கழுத்தை, அதாவது குண்டைப் பிடித்திருக்கும் மேல்முனையை மட்டும் விரித்தோ குறுக்கியோ, உயரத்தை வெட்டிக் குறைத்தோ வேறு குண்டுக்குப் பொருத்தினால் ஒரு பட்டறையே போதும். அமெரிக்காவில் இப்படிப் பிறந்தவற்றை ‘வைல்ட்கேட்’, அதாவது காட்டுப்பூனை என்று அழைக்கிறார்கள். எந்த ஆலையின் பட்டியலிலும் இல்லாத தோட்டா என்று பொருள். 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட 30-06 தோட்டாவின் கூடு இப்படிப் பல பிள்ளைகளைப் பெற்றது. அதன் கழுத்தை விரித்து 1922-இல் 35 வீலன் உருவானது. கழுத்தைக் குறுக்கியது 25-06. இரண்டும் பல பத்தாண்டுகள் காட்டுப்பூனைகளாகவே திரிந்தன. பிறகு ரெமிங்டன் நிறுவனம் 25-06-ஐ 1969-இலும் 35 வீலனை 1988-இலும் ஆலைத் தோட்டாக்களாக ஏற்றது. 250 சாவேஜ் கூட்டின் கழுத்தைக் குறுக்கியதில் பிறந்த 22-250-க்கு அந்த நிலை 1965-இல் கிடைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய துப்பாக்கி கையில் இருக்கும்; அதற்கான தோட்டா எளிதில் கிடைக்காது. அடிப்பக்க அளவு ஒத்த வேறு கூடு கிடைத்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். 63 மில்லிமீட்டர் நீளமுள்ள 30-06 கூட்டை வெட்டி 57 மில்லிமீட்டர் நீள ஜெர்மானிய மவுசர் தோட்டாவுக்குப் பயன்படுத்துவது மறுநிரப்புவோரிடையே நெடுநாளாக உள்ள வழக்கம்.

இன்று தொடக்கநிலையில் இருப்பவர் இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 300 பிளாக்அவுட். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ஜே. டி. ஜோன்ஸ் 221 ஃபயர்பால் என்ற சிறிய கூட்டின் வாயை விரித்து 30 காலிபர், அதாவது 7.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டைப் பொருத்தினார். 300 விஸ்பர் என்று அதற்குப் பெயரிட்டார். கனமான குண்டை மெதுவாக, சத்தம் குறைவாகச் செலுத்துவது அவருடைய நோக்கம். அதே எண்ணத்தை அட்வான்ஸ்டு ஆர்மமென்ட் கார்ப்பரேஷன் கையில் எடுத்து, 300 ஏஏசி பிளாக்அவுட் என்ற பெயரில் வளர்த்தது. அமெரிக்காவில் தோட்டா அளவுகளை வரையறுக்கும் சாமி என்ற அமைப்பு 2011-இல் அதற்கு ஒப்புதல் தந்தது. அன்றோடு அது காட்டுப்பூனைக் கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனாலும் பழைய கூட்டிலிருந்து அதைச் செய்யும் வழக்கம் நிற்கவில்லை. ஒப்புதலுக்குப் பிறகுதான் அது உண்மையில் பரவியது.

இந்தத் தோட்டாவின் சாமர்த்தியம் எதை மாற்றாமல் விட்டது என்பதில் இருக்கிறது. ஏஆர்-15 வகைத் துப்பாக்கி 223 தோட்டாவுக்காக இருப்பது. 300 பிளாக்அவுட்டின் அடிப்பாகம் 223-இன் அடிப்பாகமேதான். அதனால் தோட்டாவைப் பின்னாலிருந்து பிடித்து அறையை மூடும் அதே போல்ட் அதைப் பிடிக்கிறது. தோட்டாக்களை அடுக்கி மாட்டும் அதே மேகசினில் அதே எண்ணிக்கையில் அடங்குகிறது. குழலை மட்டும் மாற்றினால் போதும், துப்பாக்கி புதிய தோட்டாவுக்குத் தயார். இந்த வசதியேதான் பிறகு பெரிய ஆபத்தாகவும் திரும்புகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கூடு மாறும் விதம்

223 கூட்டின் நீளம் 44.7 மில்லிமீட்டர். 300 பிளாக்அவுட் கூட்டின் உச்ச நீளம் 34.7 மில்லிமீட்டர். சரியாக ஒரு சென்டிமீட்டர் குறைவு. வெட்டும் இடம் 223-இன் தோளுக்கும், அதாவது உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவுக்கும் கீழே விழுகிறது. அதாவது பழைய கழுத்தும் பழைய தோளும் முழுவதுமாகப் போய்விடுகின்றன. மிஞ்சுவது மேலே திறந்த, நேரான ஒரு பித்தளைக் குழாய். அந்தக் குழாயை எஃகு அச்சுக்குள் அழுத்தும்போது மேல்பகுதி நெருங்கிப் புதிய தோளும் புதிய கழுத்தும் உருவாகின்றன.

இதைப் படிக்கும்போது எளிதாகத் தெரியும். செய்யும்போது முதலில் வரும் வேலை தேர்வு. கூட்டுக்குள் எட்டிப் பார்த்து அடியில் ஒரே ஓட்டை நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை ஓட்டை என்றால் பாக்சர் வகை. பழைய பிரைமரை ஊசியால் தள்ளி வெளியேற்றலாம். இரண்டு சிறு ஓட்டைகள் பக்கவாட்டில் இருந்தால் பெர்டன் வகை; அதை ஒதுக்கிவிடுவது நல்லது. (பாக்சர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பெர்டன் அமெரிக்கர், இரண்டு முறைகளும் 1866-இல் காப்புரிமை பெற்றவை. காலப்போக்கில் அமெரிக்கா முழுக்க பாக்சர் முறைக்கும், ஐரோப்பாவின் பெரும்பகுதி பெர்டன் முறைக்கும் போய்விட்டது. ஒவ்வொரு நாடும் மற்றவர் கண்டுபிடிப்பை ஏற்றுக்கொண்டது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.)

ராணுவக் கூடுகளில் பிரைமர் கழன்றுவிடாமல் இருக்க அதைச் சுற்றிய விளிம்பை ஆலையிலேயே நசுக்கிவிடுகிறார்கள். அந்த நசுங்கலைச் சீவியோ அழுத்தியோ நீக்காவிட்டால் புதிய பிரைமர் கோணலாக ஏறும். பிரைமர் என்பது அடிபட்டால் வெடிக்கும் பொருள். வலுக்கட்டாயமாக அதை உள்ளே திணிக்க முயலக் கூடாது.

பிறகு வெட்டுதல். சிறிய மேசை ரம்பமும், கூட்டைச் சரியான இடத்தில் பிடிக்கும் தாங்கியும் வைத்துக்கொள்கிறார்கள். வேண்டிய நீளத்தைவிடச் சற்று அதிகமாகவே வெட்டுவார்கள். அச்சில் அழுத்தும்போது பித்தளை கொஞ்சம் நீளும், கடைசியில் சீவி அளவுக்குக் கொண்டுவர இடம் வேண்டும். வெட்டிய விளிம்பில் ஊசி போன்ற பிசிறுகள் நிற்கும். அவற்றை நீக்காமல் அச்சுக்குள் விட்டால் அச்சின் உட்புறம் கீறிப்போகும்.

அச்சில் அழுத்துவதற்கு முன் மசகு பூச வேண்டும். பூசாமல் விட்டால் கூடு அச்சுக்குள் சிக்கிக்கொண்டு வராது. அதிகமாகப் பூசினால் அந்த மசகு தோள் பகுதியில் தேங்கிப் பித்தளையைக் குழித்துவிடும். விரல் நுனியில் பட்டும் படாமலும் ஒரு பூச்சு என்பது கை பழகப் பழகத்தான் வருகிறது.

அச்சு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதே தோள் எங்கே அமையும் என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த வகைத் தோட்டா தன் தோளை அறையின் தோளில் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது. தோள் மேலே இருந்தால் போல்ட் மூடாது. தோள் அதிகமாகக் கீழே தள்ளப்பட்டால் கூடு அறைக்குள் முன்னும் பின்னும் ஆடும். சுட்டதும் சுவர் அறையைப் பற்றிக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் பின்னால் நகர, இரண்டுக்கும் நடுவே பித்தளை இழுபட்டு மெலியும். சில முறை இப்படி நடந்தால் கூடு அந்த இடத்தில் இரண்டாக அறுந்துவிடும். அறுவதற்கு முன்பே வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு மேலே இழுத்தால் ஒரு பள்ளம் தட்டுப்படும். இந்தச் சோதனையை நான் எல்லாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பேன், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாததைக் கை கண்டுபிடிக்கும் இடம் இது.

கழுத்தின் கனம்

தொடங்குகிறவர்கள் கேள்விப்படாத ஒன்று இங்கே இருக்கிறது. மாற்றுக் கூடுகளில் நேரும் பிழைகளில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்.

தோட்டாக் கூட்டின் சுவர் ஒரே கனமாக இருப்பதில்லை. அடியில் தடித்து, மேலே போகப் போக மெலிகிறது. 223 கூட்டின் கழுத்தாக ஆலை வைத்திருந்த மெல்லிய பகுதியை நாம் வெட்டி எறிந்துவிட்டோம். இப்போது கழுத்தாகப்போவது ஒருகாலத்தில் உடலின் நடுச்சுவராக இருந்த பகுதி. அது கழுத்தாக இருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் கனம் ஆலைக்கு ஆலை மாறுகிறது.

கணக்கைப் பாருங்கள். 300 பிளாக்அவுட்டில் குண்டின் விட்டம் 7.82 மில்லிமீட்டர். குண்டு வைத்த நிலையில் கழுத்தின் வெளிவிட்டம் போகக்கூடிய உச்சம் 8.48 மில்லிமீட்டர். வித்தியாசம் 0.66. இரு பக்கமும் பங்கிட்டால் சுவருக்குக் கிடைப்பது 0.33 மில்லிமீட்டர். பாதுகாப்பான இடைவெளி வேண்டும் என்பதால் அனுபவமுள்ளவர்கள் 0.30-ஐ ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருக்கும் கூடுகளைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

சுவர் இதைவிடத் தடித்திருந்தால் என்ன ஆகும்? சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க வேண்டும். தடித்த கழுத்து அறைச் சுவரை ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்தால் விரிய இடமில்லை. கழுத்து குண்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பின்னால் மருந்து எரிந்துகொண்டே இருக்கிறது. மருந்து அளவு சரியாக இருந்தும் அழுத்தம் எல்லை தாண்டுவது இப்படித்தான். அட்டவணையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியவரும் இதில் தப்ப முடியாது, ஏனென்றால் அட்டவணை கழுத்தின் கனத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே அடியில் உள்ள எழுத்துகளுக்கு இங்கே ஒரு நல்ல பயன் இருக்கிறது. கூடுகளை ஆலைவாரியாகப் பிரிக்க அவை உதவும். மிசூரி மாநிலத்தின் இண்டிபென்டன்ஸ் நகரில் 1941-இல் தொடங்கிய லேக் சிட்டி ராணுவத் தோட்டா ஆலையின் கூடுகளில் ‘எல்சி’ என்ற இரண்டு எழுத்துகளும், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும், வட்டத்துக்குள் சிலுவைக் குறியும் இருக்கும். மாற்றுவதற்கு ஏற்ற கனம் என்று அந்தக் கூடுகளுக்கு மறுநிரப்புவோரிடையே நல்ல பெயர் உண்டு. பெயரை நம்பி அளக்காமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றில் மருந்தும் பிரைமரும் இல்லாமல் குண்டை மட்டும் வைத்துக் கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும்.

கனத்தைப் போலவே கடினமும் மாறுகிறது. ஒரு கம்பியை இங்கும் அங்கும் வளைத்தால் முதலில் விறைக்கும், பிறகு ஒடியும். பித்தளையும் அப்படித்தான், குளிர்ந்த நிலையில் நெருக்க நெருக்க இறுகுகிறது. ஆலையில் 223-இன் கழுத்தைச் சூடாக்கி இளக்கியிருப்பார்கள். ராணுவக் கூடுகளில் அந்தச் சூட்டின் நிறமாற்றத்தைக்கூடக் காணலாம். நம்முடைய புதிய கழுத்து அந்தச் சூட்டின் எல்லைக்குக் கீழே இருந்த உலோகம். அதை நெருக்கி மேலும் இறுக்கிவிட்டோம். அப்படியே விட்டால் சில முறை சுட்டதும் வாயில் நீளவாக்கில் விரிசல் விடும். அதனால் கழுத்தையும் தோளையும் சில விநாடிகள் தீயில் காட்டி இளக்குகிறார்கள். சூடு அடிப்பாகத்துக்குப் போகவே கூடாது. கழுத்து இளகினால் கூட்டுக்கு ஆயுள் நீளும். அடி இளகினால் 55,000 பவுண்டு அழுத்தத்தில் அது பிதுங்கிக் கிழிந்துவிடும். வேலையை ஒழுங்காகச் செய்யும் கருவி இல்லாதவர் இந்தப் படியைத் தவிர்த்து, குறைந்த முறை மட்டும் சுட்டுவிட்டுக் கூட்டைக் கழித்துவிடலாம் என்பது என் கருத்து.

மருந்தும் குண்டும்

கூடு சிறிதாகிவிட்டது, குண்டோ பெரிதாகிவிட்டது. 223-இல் வழக்கமான குண்டு 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம் அளவு. 300 பிளாக்அவுட்டில் இலேசான குண்டே 110 அல்லது 125 கிரெயின். கனமானது 220 கிரெயின், 14 கிராமுக்கும் மேல். அகலமான குழலில் குண்டு நகரத் தொடங்கியதும் அதன் பின்னாலுள்ள இடம் வேகமாகப் பெருகுகிறது. மெதுவாக எரியும் மருந்து அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதனால் 223-க்கு ஏற்ற மருந்து இங்கே சரிவராது. பெரிய கைத்துப்பாக்கிகளுக்கான வேகமான மருந்துகளும் அவற்றை ஒத்தவையும்தான் ஏற்றவை. ஒரே மேசையில் இரண்டு மருந்துப் புட்டிகளைத் திறந்து வைக்கக் கூடாது என்ற பழைய விதி இதனால் இன்னும் முக்கியமாகிறது. வேகமான மருந்தைத் தவறான கூட்டில் நிரப்பினால் அது மருந்து அல்ல, வெடிகுண்டு.

குறைத்துப் போட்டால் பாதுகாப்பு என்ற எண்ணமும் எப்போதும் சரியல்ல. எச்110 போன்ற சில மருந்துகளை ஆலை சொன்ன கீழ் எல்லைக்கும் குறைத்துப் போடக் கூடாது என்று ஆலையே எச்சரிக்கிறது. சுவர் தடித்த கூடுகளில் உள்ளிடம் குறைகிறது. அதே மருந்து அங்கே அதிக அழுத்தம் தரும். எனவே அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக மேலே போவதே முறை.

மெதுவேகத் தோட்டாக்களில் கூடு முழுவதும் நிரம்புவதில்லை. உள்ளே வெற்றிடம் இருப்பதால் தவறுதலாக இரண்டு முறை மருந்து விழுந்தாலும் அது வெளியே வழிந்து நம்மை எச்சரிக்காமல் போகலாம். குண்டு வைப்பதற்கு முன் எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி விளக்கடியில் ஒவ்வொன்றாக உள்ளே பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

சுடும்போது

125 கிரெயின் குண்டு 16 அங்குலக் குழலிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் போகும். 220 கிரெயின் குண்டை 310 மீட்டர் அளவில் நிறுத்துகிறார்கள். ஒலியின் வேகம் 340 மீட்டர். அதைத் தாண்டாததால் காற்றைக் கிழிக்கும் அந்தச் சாட்டையடிச் சத்தம் எழுவதில்லை. குழல்முனையில் ஒலியடக்கி இருந்தால் மிஞ்சிய சத்தமும் அடங்குகிறது. அமெரிக்காவில் ஒலியடக்கி 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருவது. பதிவு இல்லாமல் வைத்திருக்க முடியாது. மறுநிரப்பலைப் பொறுத்தவரை, அங்கே சொந்தப் பயன்பாட்டுக்குச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பனைக்குச் செய்ய வேண்டுமென்றால் தேவை. மற்ற நாடுகளில் சட்டம் வேறு. மருந்தையும் பிரைமரையும் வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டிய நாடுகள் உண்டு. கருவி வாங்குவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வகைக் குண்டுகளும் ஒரே துப்பாக்கியில் போகும் என்றாலும் ஒரே இடத்தில் போய்த் தைக்காது. நூறு மீட்டர் போவதற்குள் வேகமான குண்டு குழலின் நேர்கோட்டிலிருந்து 12 சென்டிமீட்டர் அளவு இறங்குகிறது. மெதுவானது அரை மீட்டருக்கும் மேல் இறங்கிவிடுகிறது. ஒன்றுக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியை மற்றொன்றுக்கு அப்படியே நம்பிச் சுடுவது, இலக்கின் பின்னே என்ன இருக்கிறது என்று பாராமல் சுடுவதற்குச் சமம்.

நீளமான கனத்த குண்டு நிலையாகப் பறக்கக் குழலின் உட்புரி, அதாவது உள்ளே வெட்டிய சுருள் பள்ளம், இறுக்கமாகச் சுழல வேண்டும். இந்தத் தோட்டாவுக்கு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வரையறை. சுழற்சி போதாமல் குண்டு தள்ளாடினால் ஒலியடக்கியின் உட்சுவரில் மோதும். இலக்குத் தாளில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் குண்டு பக்கவாட்டில் சாய்ந்து போகிறது என்று பொருள். அதனால் முதல் சில தோட்டாக்களை ஒலியடக்கி இல்லாமல் தாளில் சுட்டுப் பார்ப்பது விதி.

சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டாலோ, உதை குறைந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். மெதுவேகத் தோட்டாக்களில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் அவற்றின் இயல்பான சத்தமே குறைவு. வித்தியாசம் காதுக்கு எளிதில் பிடிபடாது. துப்பாக்கியைக் காலி செய்து குழலுக்குள் ஒளி தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது.

சுட்ட கூடுகளையும் பொறுக்கிப் பாருங்கள். பிரைமர் தட்டையாகிப் பரவியிருந்தால், அடியில் புதிய பளபளப்பான தடம் பதிந்திருந்தால், அழுத்தம் மிகுந்துவிட்டது. மருந்தைக் குறைக்கும் முன் கழுத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.

பெயர் சொல்லாத தோட்டா

தொடக்கத்தில் விட்ட இடத்துக்கு வருகிறேன். 300 பிளாக்அவுட் 223-இன் மேகசினிலும் போல்ட்டிலும் பொருந்துகிறது என்றேன். அப்படியானால் 223 குழல் உள்ள துப்பாக்கியிலும் அது ஏறும் அல்லவா? சில குண்டு வடிவங்களோடு ஏறிவிடுகிறது. குட்டையான கூடு 223-இன் நீண்ட அறைக்குள் நுழைய, குண்டு அந்த அறையின் கழுத்துக்குள் போய் அமர, போல்ட்டும் மூடிக்கொள்ளலாம். விசையை இழுத்தால் 7.8 மில்லிமீட்டர் குண்டு 5.7 மில்லிமீட்டர் குழலுக்குள் போக முயலும். போக முடியாது. வாயு பின்னால் வெடித்து வெளியேறும். துப்பாக்கி உடைந்து சிதறும். இப்படி உடைந்த துப்பாக்கிகள் பல உண்டு. அவற்றின் உரிமையாளர்கள் அனைவரும் அனுபவமில்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம்; இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே நாளில் திடலுக்குக் கொண்டுபோனவர்கள், மேசையில் இருந்த மேகசினை எடுத்து மாட்டியவர்கள்.

ஆலைத் தோட்டா என்றால் சந்தேகம் வந்ததும் அடியைப் புரட்டிப் பார்க்கலாம். மாற்றுக் கூட்டில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அது 223 என்றே சொல்லும். லேக் சிட்டி கூடாக இருந்தால் தோட்டாவின் பெயரையே சொல்லாது. இனி அதற்குப் பெயர் வைப்பது செய்தவரின் கடமை. பெட்டிமேல் தோட்டாவின் பெயர், குண்டின் எடை, மருந்தின் பெயரும் அளவும், கூடு எந்த ஆலையுடையது, எத்தனையாவது முறை நிரப்பியது, தேதி என எல்லாவற்றையும் எழுதி ஒட்ட வேண்டும். கூட்டின் அடியில் நிறமையால் ஒரு கோடு போடுகிறவர்கள் உண்டு. அது நல்ல வழக்கம். மேகசின்களை வேறு நிறத்தில் வைப்பது அதைவிட நல்லது. ஒரு நாளைக்கு ஒரு துப்பாக்கி மட்டும் கொண்டுபோவது எல்லாவற்றிலும் நல்லது.

தொடங்க விரும்புகிறவர் முதல் தொகுதியை மாற்றுக் கூட்டில் தொடங்க வேண்டாம் என்று நான் சொல்வேன். 300 பிளாக்அவுட் என்று சரியாகப் பொறித்த புதிய கூடுகளை வாங்கி மறுநிரப்பலைக் கற்றுக்கொள்ளுங்கள். அளவுகோல் கையில் பழகிய பிறகு, ஒரே ஆலை, ஒரே ஆண்டு என்று ஐம்பது பழைய கூடுகளைத் தேர்ந்தெடுத்து வெட்டிப் பாருங்கள். அப்போது எந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

சில முறை சுட்டதும் அந்தக் கூடுகளில் ஒன்றின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். அதை அப்படியே பழைய பித்தளை டப்பாவில் போட்டுவிடாதீர்கள். இன்னொருவர் அதை எடுத்து அடியைப் பார்த்தால் 223 என்றுதான் படிப்பார். குறடால் வாயை நசுக்கிவிட்டுப் போடுங்கள்.